ஊரைக் கற்கும் மாணவரும் ஊராரின் கடமையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. கல்லூரியில் பயிலும் இளைஞர் பொருளாதாரத்தையும் ஆட்சிமுறையையும் ஏடுகளிலிருந்து கற்கின்றனர். அக்கல்வி ஒரு வாய்க்காலுக்கோ ஒரு தெருவுக்கோ பயன்பட வேண்டுமாயின், அவர்கள் ஊருக்குள் வந்து, உழுவோரிடம் கேட்டு, கண்டதை எழுதி, தக்க ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பொதுப்பணத்தை எதற்கு, எவ்வாறு செலவிடுவது நலம் என்று ஆய்ந்து சொல்லப் பழகும் இப்பயிற்சி, பொதுக் கொள்கை ஆராய்ச்சிப் பயிற்சி எனப்படும். இதில் ஊராருக்கு உரிய பங்கு யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கூமாப்பட்டி எழுப்பும் கேள்வி

திருவில்லிப்புத்தூருக்கு வடமேற்கே, வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது கூமாப்பட்டி. பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் கண்மாய்களும் அப்பகுதியின் உயிர்நிலைகள். நெல்லும் தென்னையும் அங்கு விளைகின்றன. 2025 ஆம் ஆண்டின் நடுவில், அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊருக்கு வருமாறு அழைத்து வெளியிட்ட சிறு காணொளிகள் கைப்பேசி வழியே நாடெங்கும் பரவின. வெளியூரார் திரள்திரளாக வரலாயினர். பிளவக்கல் அணைப் பகுதியில் 10 கோடி ரூபாயில் பூங்கா அமைக்கப்படும் என்று அரசும் அறிவித்தது.

ஊரின் பெயர் பரவியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஓர் ஊருக்குப் பணமும் மக்களும் வரும் வேளையில் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். விடுமுறை நாட்களில் எத்தனை வண்டிகள் வருகின்றன? அவை எங்கே நிற்கின்றன? விட்டுச் செல்லும் குப்பையை அகற்றுவோர் யார்? வருவோரால் ஊர்ப் பெண்டிருக்கும் சிறு கடைக்காரருக்கும் கிடைக்கும் வருமானம் எவ்வளவு? அணை நீரை நம்பிய கடைமடை வயலுக்கு நீர் முறைப்படி வருகிறதா? இவற்றுக்கு ஊரார் கையில் கணக்கு இருந்தால், திட்டம் வகுக்கும் அதிகாரிகளிடம் அதனைக் காட்டிப் பேசலாம். கணக்கு இல்லையேல், உரத்துப் பேசுவோர் சொல்லே நிலைக்கும். இக்கணக்கை எடுக்க மாணவரினும் தகுந்தவர் அரியர்.

முன்னோர் காட்டிய வழி

இது நம் நாட்டுக்குப் புதிய முயற்சி அன்று. சென்னைப் பல்கலைக் கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துறையின் முதற் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். கிராமத்தை அறியாமல் இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்க இயலாது என்று கண்ட அவர், 1916 ஆம் ஆண்டில் கேள்விப் பட்டியல் ஒன்றை வகுத்து, மாணவர்களைத் தத்தம் ஊருக்கே சென்று நிலம், பயிர், கடன், கூலி ஆகியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். அவர்கள் கொணர்ந்தவை 1918 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அந்நூலிற் கண்ட ஊர்களுள் வடமலாபுரம் என்பது இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1936-37 ஆம் ஆண்டுகளில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமையில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பெற்றன. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவற்றுட் சிலவற்றை ஆராய்ந்தனர். மாணவர் அன்று கருத்தோடு எழுதிவைத்தமையால், ஓர் ஊர் இரண்டு தலைமுறைகளில் எவ்வாறு மாறிற்று என்பதை இன்று அளந்தறிய முடிகிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு குஜராத்தில் உள்ளது. தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகள் விருப்பப்படி, 1929 ஆம் ஆண்டின் இறுதியில் கேடா மாவட்டத்து மாதர் தாலுக்காவில் ஆராய்ச்சி தொடங்கினார். குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களே ஊரூராகச் சென்று குடியானவரின் வரவு செலவை விசாரித்தனர். நிலவரி உழவருக்குத் தாங்கக்கூடியதா என்பதே அங்கு எழுந்த கேள்வி. மாணவர் திரட்டிய எண்கள் அதற்குச் சான்றாயின. அப்பெரியார் தம் இறுதிக் காலத்தில் தங்கியிருந்த தே. கல்லுப்பட்டி, திருவில்லிப்புத்தூரிலிருந்து மதுரை செல்லும் சாலையிலேயே உள்ளது என்பதை நம் வட்டார இளைஞர் அறிதல் நன்று.

இவ்விரு முயற்சிகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கேள்வி தெளிவாக இருந்தது. மாணவர் நேரிற் சென்றனர். பிழை திருத்தும் ஆசான் ஒருவர் பின்னே நின்றார். குறை ஒன்றும் உண்டு. ஸ்லேட்டரின் நூலும் மாதர் தாலுக்கா அறிக்கையும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. விடை சொன்ன குடியானவர் அவற்றைப் படித்து, இது சரி, இது தவறு என்று கூறும் வாய்ப்பு அரிது. இக்குறையை நாம் களைதல் வேண்டும்.

கேட்கும் முறை

நீர்ப்பங்கீட்டையே எடுத்துக்கொள்வோம். "உங்களுக்குத் தண்ணீர் போதுமா?" என்று மாணவர் கேட்டால், "போதாது" என்றே எல்லோரும் சொல்வர். அவ்விடையால் பயன் இல்லை. "சென்ற சாகுபடியில் தங்கள் வயலுக்கு எத்தனை முறை நீர் பாய்ந்தது? இரண்டு பாய்ச்சலுக்கு இடையே எத்தனை நாள்?" என்று கேட்க வேண்டும். மடையை அடுத்த வயல் பத்து, நடுவயல் பத்து, கடைமடை வயல் பத்து என எடுத்து விடைகளை ஒப்பிட வேண்டும். நீர்பாய்ச்சியிடம் தனியே விசாரித்து, நீர்வளத் துறையின் பதிவோடும் சரிபார்க்க வேண்டும். வாய்க்கால் நெடுகிலும் நடந்து, எங்கே மண் மேடிட்டது, எங்கே கரை உடைந்தது என்று குறிக்க வேண்டும். அப்பொழுதுதான் குறை அணையின் நீர் அளவிலா, வாய்க்காலிலா, பங்கீட்டு முறையிலா என்பது புலப்படும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, செலவும் வேறு.

ஆசிரியரின் வேலை இங்கேதான் உள்ளது. கடைமடைக்குப் போகாமல் சாலையோரத்தாரிடம் மட்டும் கேட்டு வந்த மாணவனை அவர் திருப்பி அனுப்புவார். ஆடவரிடம் மட்டும் கேட்டிருந்தால், நடவு செய்யும் பெண்களிடமும் கேட்கச் சொல்வார். முப்பது வயலைக் கண்டு முந்நூறு வயலுக்கும் தீர்ப்புச் சொல்வதைத் தடுப்பார்.

தலைமை என்பது மேடையில் முழங்குவது என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். பிறர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டல், தம் கருத்துக்கு மாறான எண்ணையும் மறைக்காது எழுதுதல், சொன்ன நாளில் திரும்பி வருதல், மறுத்துரைப்போர் முன்னிலையில் பணிவோடு விடை கூறல் ஆகிய இவையே தலைமையின் பாலபாடம். இப்பாடத்தை ஊரைப்போல் கற்பிக்கவல்ல வகுப்பறை வேறில்லை.

ஊரார் செய்ய வேண்டுவன

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 ஆம் ஆண்டில் தொடங்கிய நாள் முதல், மாணவர் முகாமிட்டு ஊர்களில் தொண்டாற்றி வருகின்றனர். 2022 ஆம் ஆண்டில் நம் மாநில அரசு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கி, பட்டம் பெற்ற இளைஞரை அரசுத் துறைகளோடு இணைத்துப் பயிற்றுவித்தது. இத்தகையோர் ஊருக்கு வருங்கால், ஊராட்சியினரும் விவசாயிகளும் நான்கு செய்திகளைக் கேட்டுப் பெறுவார்களாக.

1. ஆராயும் கேள்விகளுள் ஒன்றேனும் ஊரார் எழுப்பியதாக இருத்தல் வேண்டும்.

2. வழிநடத்தும் ஆசிரியர் ஒரு முறையேனும் ஊருக்கு நேரில் வருதல் வேண்டும்.

3. கடன், வருமானம் முதலியவற்றைச் சொன்னவர் பெயர் அறிக்கையில் வெளியாகலாகாது. நம்பிக்கை குலைந்தால் அடுத்து வரும் மாணவருக்கு உண்மை கிடைக்காது.

4. அறிக்கையின் சுருக்கம் தமிழில் எழுதப்பெற்று, ஊரார் கூட்டத்தில் படிக்கப்பெறுதல் வேண்டும். ஒரு படி ஊர் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும்.

ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்கள் இதற்கு ஏற்றவை. அங்கே ஒரு முதியவர் எழுந்து, "தம்பி, நீ எழுதியது மேலமடைக் கணக்கு, கீழமடையைப் பார்க்கவில்லை" என்று திருத்துவாராயின், அத்திருத்தமே ஆராய்ச்சியின் உயர்ந்த பகுதியாகும்.

நாமும் ஒன்றை உணர வேண்டும். வரும் பிள்ளைகள் சிறியவர். சில வேளை அறியாமையால் பொருந்தாத கேள்வி கேட்பர். அவர்களை நகைத்து அனுப்பாமல், வயலுக்கு அழைத்துச் சென்று காட்டுவோமாக. இன்று நம் வரப்பில் நடந்து மெய்க்கணக்கு எழுதக் கற்றவர், நாளை ஓர் அலுவலக மேசையில் அமர்ந்து திட்டம் வகுக்கும்போது, கடைமடை என்ற சொல்லின் பொருளை அறிந்தவராயிருப்பார்.