ஐந்து டிபியும் பதினைந்து மில்லிமீட்டரும்

அன்புள்ள முகிலா,

நீ ஃபார்வர்டு செய்த வாட்ஸப் செய்தி வந்தது. பழைய லேப்டாப்களுக்கென்றே 5 டிபி ஹார்ட் டிஸ்க் வரப்போகிறதாம், அதுவரை பொறுத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பொறுக்காதே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் என்னைக் கேட்காமலே நீ முடிவு செய்யலாம்.

டிஸ்க்கை விடு, முதலில் லேப்டாப்பைப் பார். உன் அக்கா பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் அது. அந்த இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கொள்முதல் செய்தது தமிழக அரசின் எல்காட் நிறுவனம். நந்தனத்தில் நீ தினமும் தாண்டிப்போகும் அண்ணா சாலை எம்.எச்.யூ. வளாகத்தில்தான் அதன் அலுவலகம் இயங்கிவந்தது. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன பொருள். பலவற்றில் மற்றதெல்லாம் நன்றாயிருக்க, டிஸ்க் மட்டும் தளர்ந்திருக்கும். இப்படிப்பட்ட செய்தி நம் ஊரில் வேகமாகப் பரவுவதில் ஆச்சரியம் என்ன?

வேடிக்கை என்னவென்றால், செய்தி முழுப் பொய்யும் இல்லை. லேப்டாப் அளவான இரண்டரை அங்குலத்தில் 5 டிபி டிஸ்க்கை சீகேட் 2016-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதன் தடிமன் 15 மில்லிமீட்டர். உன் அக்கா லேப்டாப் காலத்து மாடல்களில் டிஸ்க் உட்காரும் இடம் பெரும்பாலும் 9.5 அல்லது 7 மில்லிமீட்டர்தான். டிஸ்க்குக்குள் இட்லித் தட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வட்டத் தட்டுகள் அடுக்கியிருக்கும். அந்த டிஸ்க்கில் தட்டுக்கு 1 டிபி வீதம் ஐந்து தட்டு. 7 மில்லிமீட்டருக்குள் இரண்டு தட்டுதான் கொள்ளும், ஆகவே அந்தத் தடிமனில் கிடைத்தது 2 டிபி. கொள்ளளவைப் பெரிய எழுத்தில் போட்டவர் தடிமனைச் சொல்லவில்லை.

சரி, ஒரே தட்டில் இன்னும் அதிகமாக எழுத முடியாதா? முடியும். 2024 ஜனவரியில் சீகேட் அறிவித்த மொசாய்க் வரிசையில் தட்டுக்கு 3 டிபி. எழுதும் புள்ளியை லேசர் ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் சூடாக்குகிறது, அது ஆறுவதற்குள் காந்தம் எழுதிவிடுகிறது. அபாரமான வேலை. கணக்குப்படி இரண்டு தட்டில் 6 டிபி வர வேண்டும். ஆனால் அந்த டிஸ்க் மூன்றரை அங்குலம், பத்துத் தட்டு, போகுமிடம் டேட்டா சென்டர். லேப்டாப் செய்கிறவர்களோ எஸ்எஸ்டிக்குப் போய்விட்டார்கள். வாங்க ஆளில்லாத ஒரு சைஸுக்காக யார் புதிதாக ஒரு உற்பத்தி வரிசை போடுவார்கள்? எந்த வதந்தியிலும் இந்த இடத்தைத் தட்டிப் பார்.

இந்த வதந்திக்கு முன்னோடியும் உண்டு. தாத்தாவின் டெஸ்க்டாப் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதே, அகலப் பட்டைக் கேபிள் போட்ட ஐடிஇ காலத்து மெஷின். 2006-இல் இன்டெல் தன் புதிய சிப்செட்டில் ஐடிஇயை விட்டது. அடுத்த சில ஆண்டுகளில் டிஸ்க் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக நிறுத்தின. அப்போதும் புதிதாகப் பெரிய ஐடிஇ டிஸ்க் வரும் என்று பேசியவர்கள் இருந்தார்கள். வந்திருந்தாலும் தாத்தாவின் மெஷினுக்குப் பயன்பட்டிருக்காது. அந்தக் காலத்து பயாஸ் டிஸ்க்கின் முகவரியை 28 பிட்டில் எழுதும். ஒரு செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கிப் பார், 137 ஜிபியில் முடிந்துவிடும். அதற்குமேல் டிஸ்க்கில் எவ்வளவு இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஐடிஇயின் மொழியையே பேசும். சின்ன அடாப்டர் ஒன்றில் செருகினால் அந்த மெஷின் அதை டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். பொழுதுபோக்குக்குச் செய்து பார், நன்றாயிருக்கும்.

காத்திருப்பவனைத் தேடித்தான் போலிச் சரக்கு வருகிறது, எனக்கு அதுதான் கவலை. 16 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும். கொள்ளளவு கேட்டால் 16 என்று பொய் சொல்லும்படி அதைப் பழக்கியிருப்பார்கள். நிரம்பியபின்னும் காப்பி ஆவதுபோலவே காட்டும், ஆனால் எழுதியது எதுவும் திரும்பி வராது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பிடிபட்ட விவகாரம் இன்னும் நூதனம். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளில், ஓடிய நேரத்தைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்றிருந்தார்கள். டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்று வேறொரு பதிவு உண்டு, அதை அழிக்காமல் விட்டதால் மாட்டிக்கொண்டார்கள்.

யூஎஸ்பி டிஸ்க்கை உடைத்து உள்ளே இருப்பதை லேப்டாப்பில் மாட்டலாம் என்றும் உனக்கு யாராவது யோசனை சொல்வார்கள். உடைக்காதே. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல மாடல்களில் யூஎஸ்பி முனை போர்டிலேயே பற்றவைத்திருக்கும், லேப்டாப்பில் மாட்டத் தேவையான சாட்டா முனையே கிடையாது.

உனக்குத் தேவை இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 500 ஜிபிக்குள் போதும். 7 மில்லிமீட்டரில்தான் வரும். உன் லேப்டாப்பில் இடம் 9.5 என்றால் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்து ஆடாமல் நிறுத்தலாம். சாட்டாவில் புதியது பழையதோடு ஒத்துப்போகும், வேகம் மட்டும் லேப்டாப்பின் பழைய சாட்டா அளவுக்கு இறங்கும். அப்படி இறங்கினாலும் இப்போது இருக்கும் டிஸ்க்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ரிச்சி தெருவில் பில்லோடு வாங்கு. கடையை விட்டு இறங்குமுன் சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பார். வீட்டுக்கு வந்ததும் எஃப்3 நிரலைக் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படிக்க வை.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அக்காவின் கல்யாண ஃபோட்டோக்களையும் உன் ப்ராஜெக்ட் ஃபைல்களையும் வேறு இடத்துக்கு மாற்று. டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றாயே, அப்படி இருக்கும்போது டீஃப்ராக், ஸ்கேன் எதுவும் ஓட்டாதே, முக்கியமானதை முதலில் காப்பி எடு. பாட்டெல்லாம் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா