சாஸ்திரியாரின் மாணவர்: கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளை



கணித மேதை ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நாம் எல்லாரும் இராமானுஜன் என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான். ஈப்போவில் படித்த காலம் முழுக்க இன்னொரு தமிழர் பெயர் எனக்குத் தெரியாது.

மின்னியல் பொறியியல் படிக்கப் போனபோது ஒரு பாடத்தில் 'ஹில்பர்ட் உருமாற்றம்' என்று ஒன்று வந்தது. யாருப்பா இந்த ஹில்பர்ட் என்று நூலகத்தில் தேடினேன். டேவிட் ஹில்பர்ட், 1862இல் பிறந்த ஜெர்மானியர். கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் 1909இல் தீர்த்த ஒரு கணக்கைப் பற்றிப் படித்துக்கொண்டே போனபோது, சில பக்கம் தள்ளி ஒரு பெயர் கண்ணில் பட்டது: பிள்ளை. நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மாதப் பாடம் அவரைப் பற்றியது.

அந்தக் கணக்கு என்ன?

ஒரு கடையில் 1, 8, 27, 64 வெள்ளி நாணயங்கள் மட்டுமே செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கன எண்கள்: 1×1×1, 2×2×2, 3×3×3, 4×4×4. அடுத்தடுத்த கன எண்களுக்கும் நாணயம் உண்டு. இப்போது 23 வெள்ளி கட்ட வேண்டும். 27 வெள்ளி நாணயம் பெரிதாகப் போய்விடும். 8 வெள்ளி இரண்டு, 1 வெள்ளி ஏழு; ஆக மொத்தம் ஒன்பது நாணயம். அதற்குக் குறைவாக முடியாது.

எந்தத் தொகையாக இருந்தாலும் ஒன்பது நாணயம் போதும், வர்க்க எண்களாக இருந்தால் நான்கு போதும், நான்காம் அடுக்கு என்றால் பத்தொன்பது போதும் என்று எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770இல் எழுதினார். நிரூபணம் தரவில்லை. எந்த அடுக்கை எடுத்தாலும் அப்படி ஓர் எல்லை உண்டு என்று 139 ஆண்டுகளுக்குப் பிறகு ஹில்பர்ட் நிரூபித்தார். ஆனால் அந்த எல்லை எவ்வளவு? அது அவருடைய நிரூபணத்தில் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்தான் நம் பிள்ளை.

தாயில்லாப் பிள்ளை

முழுப் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901 ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்தவர். குற்றாலம் பக்கத்தில் உள்ள வல்லம் அவருடைய ஊர். பிறந்த ஓராண்டிலேயே தாய் இறந்துவிட்டார். பள்ளி முடிக்கும் நேரத்தில் தந்தையும் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். அப்பா அம்மா இல்லை, கையில் காசில்லை, நூறு ஆண்டுக்கு முந்தைய கிராமம். படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. செங்கோட்டைப் பள்ளியில் சாஸ்திரியார் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். தந்தை இருந்தபோதே உதவியவர், தந்தை போன பிறகும் பணம் கொடுத்துப் படிக்க வைத்தார்.

அப்புறம் நாகர்கோவில் ஸ்காட் கிறித்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே ஆண்டு அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

சிதம்பரமும் சிகாகோவும்

ஏழாம் அடுக்கும் அதற்கு மேலும் எத்தனை 'நாணயம்' வேண்டும் என்பதற்கான விடையை 1930களின் நடுவில் இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டிக்சன். மற்றவர் சிதம்பரத்தில் இருந்த பிள்ளை.

விடையின் வடிவம் மிக எளிது. அடுக்கு k என்றால், 2ஐ k தடவை பெருக்குங்கள். ஒன்றரையை k தடவை பெருக்கி, தசமத்தை விட்டுவிட்டு அதோடு கூட்டுங்கள். கடைசியில் 2ஐக் கழியுங்கள். கன எண்ணுக்குச் சோதித்துப் பார்ப்போம்: 8 + 3 − 2 = 9. சரியாக வருகிறது! இந்தச் சூத்திரம் பொருந்த ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை மீறும் அடுக்கு இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆறாம் அடுக்கு தனியாக முரண்டு பிடித்தது. 1940இல் அதையும் பிள்ளையே முடித்தார். விடை 73. நம்பவில்லையா? 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் அடுக்கு எண்கள் 1, 64, 729. 729 பெரிது. எனவே 64 பத்து, 1 அறுபத்து மூன்று, மொத்தம் 73. ஐந்தாம் அடுக்கு 1964இல்தான் சீனாவின் சென் ஜிங்ருன் கையில் தீர்ந்தது. நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன்.

பிள்ளை விட்டுப்போன இன்னொரு கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. வர்க்கம், கனம் முதலிய அடுக்கு எண்களை வரிசையாக எழுதுங்கள்: 4, 8, 9, 16, 25, 27, 32, 36... இவற்றில் எந்த ஒரு வித்தியாசமும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்றார் அவர். வித்தியாசம் 1 என்றால் 8, 9 என்ற ஒரே ஜோடிதான்; அது 2002இல்தான் நிரூபணமானது. மற்றவை இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

கடைசிப் பயணம்

1941இல் திருவிதாங்கூர், அடுத்த ஆண்டு கல்கத்தா. கல்கத்தாவில் கணிதத் துறைத் தலைவராக இருந்தவர் எஃப். டபிள்யூ. லெவி, ஹிட்லர் ஆட்சியில் வேலை இழந்து இந்தியா வந்த ஜெர்மானிய யூதர்.

1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் பிள்ளையை ஓராண்டுக்கு அழைத்தது. போகிற வழியில் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. ஆகஸ்ட் 31ஆம் தேதி, கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்து மண்ணிலேயே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் இறந்தனர். பிள்ளைக்கு வயது 49.

நமக்கு என்ன?

இதை நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. லயங்கள் போய்விட்டன, கோயில் மட்டும் இருக்கிறது. அந்தக் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறோம். என் பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டம் அது.

படிவம் நான்கு பையன் ஒருவன், நன்றாகக் கணக்கு போடுவான். போன வருடம் அப்பா இறந்துவிட்டார். மூன்று வாரமாக வரவில்லை. தேடிப் போனால் கார் கழுவும் கடையில் நிற்கிறான். "கூடுதல் கணிதம் படிச்சு என்னண்ணே செய்யப் போறேன்? அம்மாவுக்கு வாடகை கட்டணும்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நானே முதல் ஆண்டில் கணிதத் தாள் ஒன்றில் தோற்று, படிப்பை விட்டுவிடலாமா என்று இருந்தவன்தான். அதனால் அறிவுரை சொல்ல வாய் வரவில்லை. அங்கேயே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பிள்ளை கதையைச் சொன்னேன்.

சூத்திரத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: "அந்த வாத்தியாரு எவ்வளவுண்ணே கொடுத்திருப்பாரு?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நாம் சொல்கிறோம். முதல் இரண்டும் இல்லாத ஒரு பையனுக்கு மூன்றாவது ஆள் கைகொடுத்தார். பிள்ளை மாதிரி ஆகுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாஸ்திரியார் மாதிரி ஆக நம் எல்லாராலும் முடியும்.

எங்கள் குழுவில் ஆறு பேர் இப்போது மாதம் ஆளுக்கு முப்பது வெள்ளி போடுகிறோம். பெரிய தொகை இல்லை. அவனுடைய பஸ் காசும் பயிற்சிப் புத்தகமும் அதில் ஓடுகிறது. சனிக்கிழமை இன்னும் கார் கழுவுகிறான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறான்.

வகுப்பில் பேசுவதற்கு

1. நான்காம் அடுக்குக்குச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 79 வெள்ளி கட்ட 1, 16 வெள்ளி நாணயங்கள் எத்தனை வேண்டும்? இரண்டு விடையும் ஒன்றுதானா?

2. 125க்குள் உள்ள அடுக்கு எண்களை எழுதி, வித்தியாசம் 4 வரும் ஜோடிகளைத் தேடுங்கள். மூன்று இருக்கின்றன.

3. உங்கள் படிப்பு நிற்காமல் காத்தவர் யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? இந்த வாரம் அவரைப் போய்ப் பார்க்க முடியுமா?

4. உங்கள் வகுப்பிலோ குடியிருப்பிலோ வராமல் நின்றுபோன ஒரு பெயரைச் சொல்லுங்கள். யார் போய்ப் பார்ப்பது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.