முதியோர் மருத்துவக் காப்பீடு: சந்தாவை அரசு கட்டும் முறை

நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்குப் போகும் பாதையில், விதுரையைக் கடந்ததும் கல்லாறு வருகிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஆற்றையும் மீன்முட்டி அருவியையும் பார்த்துவிட்டு, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போய்விடுகிறார்கள். அந்த மலையில்தான் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் கொழுந்து பறித்து ஓய்ந்த தமிழ் முதியவர்களும் இந்தப் பக்கத்து மக்கள்தான்.

தோட்டத்தில் வேலையில் இருந்தவரை, 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமையாக இருந்தது. வேலை முடிந்ததும் அந்த வசதியும் முடிந்தது. ஆனால் மருத்துவமனை அதிகம் தேவைப்படும் வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இத்தகைய முதியவர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவை அரசு எப்படி ஏற்கிறது என்பதை இங்கே பார்ப்போம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்திருக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கும் இது பயன்படும்.

காப்பீடு என்பது பலர் சிறிது சிறிதாகப் போட்ட பணத்தில் ஒருவரின் பெரிய செலவைத் தீர்ப்பது. இதில் ஒரு சங்கடம் உண்டு. வயது ஏற ஏற நோய் வாய்ப்பு கூடுகிறது, அதனால் பிரீமியமும் கூடுகிறது. வருமானமோ அப்போதுதான் குறைகிறது. 2024 முதல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் பாலிசி தரலாம் என்று விதி மாறியிருக்கிறது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இவை பென்ஷன் வாங்கும் என் போன்றவர்களுக்கு ஆறுதல். தினக்கூலிக் குடும்பத்து முதியவருக்கு, வரி நீக்கிய பிரீமியமும் எட்டாத தொகைதான். அவருக்காக வேறு யாராவது கட்டியாக வேண்டும்.

அந்த வேறு யாராவது அரசு என்று ஆனது 2008-இல். ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா என்ற திட்டம் அந்த ஆண்டு வந்தது. குடும்பம் பதிவுக்கட்டணமாக 30 ரூபாய் மட்டும் கொடுத்தால், பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டின. ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை கிடைத்தது. ஆனால் ஒரு அட்டையில் ஐந்து பேருக்கு மேல் இடமில்லை. மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் என்று எழுதினால் ஐந்து முடிந்துவிடும். பாட்டிக்கு இடம் எங்கே? இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்ய, 2016-இல் அட்டையில் உள்ள 60 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 30,000 ரூபாய் அறிவித்தார்கள். அட்டையிலேயே இல்லாத முதியவருக்கு அதனால் என்ன பயன்?

2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கியபோது இந்த ஐந்து பேர் வரம்பு எடுக்கப்பட்டது. என் கணிப்பில், தொகை உயர்ந்ததைவிட முதியோருக்கு இதுவே பெரிய மாற்றம். வயது வரம்பும் இல்லை. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலமும் இல்லை. முதல் நாளிலிருந்தே செல்லும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய். கேரளத்தில் இது 2019 ஏப்ரல் முதல் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி என்ற பெயரில் நடக்கிறது. சுருக்கமாகக் காஸ்ப் என்பார்கள்.

பணம் எப்படி வருகிறது என்பதைச் சிறு கணக்காகப் பார்ப்போம். திட்டம் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 1,052 ரூபாய். அதில் 60 சதவீதமான 631 ரூபாய் 20 காசு மத்திய அரசின் பங்கு, மீதி மாநிலத்தின் பங்கு. ஒரு குடும்பம் 5 லட்சத்துக்குச் சிகிச்சை பெற்றால், அது ஏறத்தாழ 475 குடும்பங்களின் ஓராண்டுத் தொகை. ஆகவே இதை இலவசம் என்று சொல்வது பொருந்தாது. மத்தியப் பட்டியலில் இல்லாத பல லட்சம் ஏழைக் குடும்பங்களையும் கேரளம் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கான முழுச் செலவும் மாநிலத்துடையது. 2020 ஜூலை முதல் இடையில் காப்பீட்டு நிறுவனம் இல்லை. மாநில சுகாதார முகமையே மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் தருகிறது.

சிங்கப்பூரில் முன்னோடித் தலைமுறை முதியோருக்கு மெடிஷீல்டு லைஃப் பிரீமியத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை அரசு தள்ளுபடி தருகிறது. மீதியைக் கட்ட வேண்டியிருப்பதால், தமக்குக் காப்பீடு இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். நம் முறையில் முதியவர் ஒரு காசும் கட்டுவதில்லை. ரசீது வருவதில்லை, ஏஜெண்டும் வீட்டுக்கு வருவதில்லை. அதனால் பட்டியலில் பெயர் இருந்தும், தெரியாமல் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக் கட்டணம் செலுத்திவிட நேரும்.

எனவே செய்யவேண்டிய முதல் வேலை, உடம்பு நன்றாக இருக்கும்போதே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். ரேஷன் கார்டின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பும், பழைய காப்பீட்டு அட்டைகளும்தான் காஸ்ப் பட்டியலின் அடிப்படை. ஆதார், ரேஷன் கார்டு, பழைய அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் காஸ்ப் மேசையில் விசாரிக்கலாம். திஷா உதவி எண் 1056-லும் கேட்கலாம்.

இதில் நம்மவர்களுக்கு உள்ள சிக்கல் பெயர். தமிழ் வழக்கப்படி தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். இங்கே பதியும்போது அது பின்னால் போய்விடும், அல்லது வீட்டுப் பெயர் சேர்ந்துவிடும். ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் வேறு விதம் என்றிருந்தால், அவசர வேளையில் மேசைக்கு மேசை அலைய வேண்டியிருக்கும். இதை அக்ஷயா மையத்தில் முன்கூட்டியே சரி செய்துவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்த பெற்றோர் விஷயம் தனி. தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியிலிருந்து நடக்கிறது. அது தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றிதழையும் சார்ந்தது. அப்பாவின் பெயரை அங்கே நீக்கி இங்கே சேர்க்குமுன், இங்குள்ள குடும்பம் காஸ்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகும். ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் அரிசி எங்கும் வாங்கலாம். மாநில அரசு தன் செலவில் சேர்த்தவர்களின் காப்பீட்டுக்கு அந்த வசதி வராது. மத்தியப் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு.

2024 அக்டோபர் 29 அன்று 70 வயது நிரம்பிய எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை அறிமுகமானது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள குடும்பத்து முதியவர்களுக்கு இது தனியாக இன்னொரு 5 லட்சம். வயதுக்குச் சான்று ஆதார்தான். பிறந்த ஆண்டைக் குத்துமதிப்பாகச் சொல்லிப் பதிந்த முதியவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பணம் மாநில முகமை வழியாகச் செல்வதால், அட்டை கையில் இருப்பதே போதும் என்று எண்ணாமல், அட்மிட் ஆகுமுன் இந்த அட்டை இங்கே செல்லுமா என்று மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாம் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டுமே. சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தும் அடங்கும். அன்றாடச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் அடங்கா. அவற்றுக்கு விதுரை தாலுகா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளைத்தான் நாட வேண்டும். காஸ்பில் பெயர் இல்லாமல், ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் காருண்ய பெனவலண்ட் ஃபண்ட் இருக்கிறது. குடும்பத்துக்கு 2 லட்சம், சிறுநீரக நோயாளிக்கு 3 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்றிதழ் வாங்க வில்லேஜ் ஆபீசுக்குப் போகவேண்டும். நோயாளியின் வீட்டில் அலைய ஆளில்லாவிட்டால், பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரையாவது துணைக்கு அனுப்புங்கள்.