கோடிப் பணமும் கலாசாலைப் பட்டமும்

பத்திரிகையில் எழுதும் அளவுக்கு நான் படித்தவன் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்ததுமே என் கல்வி. பிறகு அத்தாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கத் தொடங்கியவன், நாற்பத்தைந்து வயதாகியும் அங்கேதான் நிற்கிறேன். ஆகவே நான் கல்வியைப் பற்றி எழுதுவதைப் பசித்தவன் சோற்றைப் பற்றிப் பேசுவதாக அன்பர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் மூத்த மகனுக்குக் கூடைப்பந்து ஆட்டத்தில் பைத்தியம். எஸ்.பி.எம். முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு ஆட்டத்தில் இறங்கப்போவதாகச் சொன்னான். "லெப்ரான் ஜேம்ஸ் காலேஜுக்கே போகவில்லை, அத்தா" என்றான். அவன் சொன்னது மெய்தான். அந்த வீரர் 2003-ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதைத் தேடி நான் விசாரித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்க நாட்டில் கூடைப்பந்து வீரர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலைகளிலிருந்தே வருகிறார்கள். கெட்டிக்கார ஆட்டக்காரனுக்குச் சர்வகலாசாலை சம்பளமில்லாமல் படிப்பும் உணவும் இடமும் கொடுக்கிறது. அவன் அதன் குழுவுக்காக ஆடுகிறான். அவன் பெயர் பரவியதும் தொழில்முறைக் குழுக்கள் பெரும்பணத்துடன் அழைக்கின்றன. நான்கு வருடப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டுப் பையன் புறப்படுகிறான். பள்ளியிலிருந்து நேரே வரக்கூடாது, பத்தொன்பது வயதாகி, பள்ளியை விட்டு ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று 2006 முதல் ஒரு விதி உண்டு. அதனால் பலர் கலாசாலையில் ஒரே வருடம் தங்கிவிட்டுப் போகிறார்கள். இதைப் படிப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் நிழற்குடையில் நிற்பது போன்றது அது.

இப்படிப் பாதியில் போனவர்களில் ஷாக்கில் ஓநீல் ஒருவர். லூசியானா மாநில சர்வகலாசாலையில் மூன்று வருடம் இருந்து, 1992-இல் தொழிலுக்குப் போனார். பட்டத்தை முடிப்பேன் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2000-ஆம் ஆண்டு அவருடைய குழு சாம்பியன் ஆயிற்று. அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரரும் அவரே. அதே ஆண்டு டிசம்பரில், பயிற்சியாளரின் அனுமதியோடு ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டு, பட்டமளிப்பு விழாவுக்குப் போய் வரிசையில் நின்றார். இனி ஒழுங்கான உத்தியோகம் தேடலாம் என்று வேடிக்கையாகவும் சொன்னார். 2012-இல் கல்வித் துறையில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

கோடி சம்பாதிக்கிறவனுக்கு இந்தக் காகிதம் எதற்கு என்று வியாபாரிகளாகிய நாம் கேட்போம். நானும் கேட்டேன். வின்ஸ் கார்ட்டரின் கதையைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சற்று விளங்கிற்று.

கார்ட்டர் வட கரோலினா சர்வகலாசாலையில் மூன்று வருடம் படித்து, 1998-இல் போனவர். கானடாவின் டொராண்டோ குழுவுக்கு ஆடினார். விட்ட படிப்பை ஆட்டத்துக்கிடையே முடித்தார். பட்டமளிப்பு 2001 மே மாதம் 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே பிலடெல்பியா நகரத்துக் குழுவுடன் ஏழாவது ஆட்டம். இரு தரப்பும் மும்மூன்று ஆட்டம் வென்றிருந்தன. தோற்றவர் வீடு திரும்ப வேண்டியதுதான். கார்ட்டர் காலையில் பட்டமளிப்புக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் பிலடெல்பியா வந்து ஆடினார். கடைசி இரண்டு விநாடியில் பந்து அவர் கைக்கு வந்தது. எறிந்தார், வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. 88-87. ஒரே புள்ளியில் தோல்வி.

பட்டம் வாங்கப் போனதால்தான் தோற்றான் என்று தூற்றியவர்கள் ஏராளம். நான் அவர்களை முழுவதும் குறை சொல்லமாட்டேன். பெருநாளுக்கு முதல் நாள் கடைப் பையன் லீவு கேட்டால் என் முகம் எப்படியாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பந்து உள்ளே விழுந்திருந்தால் அவர்களே அந்தப் பட்டத்தைப் புகழ்ந்திருப்பார்கள். அதே ஆகஸ்டில் ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். பணத்துக்காக அவருக்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை. அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த பிள்ளைகளுக்கோ, தங்கள் வீரன் தொடங்கியதை முடித்துக் காட்டினான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்து படியுங்கள் என்று நூறு தடவை சொல்லியிருந்தாலும் அத்தனை படிந்திராது.

நம்மவர்க்கு நன்கு தெரிந்த கரீம் அப்துல் ஜப்பார் இதற்கு முன்னமே வழி காட்டியவர். நான்கு வருடமும் இருந்து, 1969-இல் கலிபோர்னியாவில் பட்டம் பெற்றுக்கொண்டுதான் தொழிலுக்குப் போனார். இருபது பருவம் ஆடி 1989-இல் ஓய்ந்தபோது வயது நாற்பத்திரண்டு. அவ்வளவு காலம் ஆடியவர் வெகு அபூர்வம். பலருக்கு முப்பத்தைந்திலேயே கால் மடங்கிவிடும். சரக்குத் தீர்ந்த கடையில் உட்கார்ந்து என்ன செய்வது? கரீம் சரித்திர நூல்கள் எழுதினார்.

இவையெல்லாவற்றையும் மகனிடம் சொன்னேன். லெப்ரானையும் விடவில்லை. கலாசாலைக்குப் போகாத அந்த மனிதரே 2018-இல் தம் சொந்த ஊரான ஆக்ரனில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் திறக்கக் காரணமாயிருந்தார். அந்தப் பிள்ளைகள் சர்வகலாசாலை வரை போக உபகாரச் சம்பளத்துக்கும் ஏற்பாடு செய்தார் என்றேன். தாம் போகாத இடத்துக்கு மற்றவரை ஏன் அனுப்புகிறார், யோசித்துப் பார் என்றேன்.

அவன் யோசித்தான். பிறகு, "நீங்கள் பாதியில் விட்டதை ஏன் அத்தா இன்னும் முடிக்கவில்லை?" என்று கேட்டான்.

இரவு வகுப்புக்குப் போனால் கல்லாவை யார் பார்ப்பது என்றேன். வாரத்தில் இரண்டு இரவு தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். அவன் ஆறாம் படிவத்துக்குப் பெயர் கொடுத்தால் நானும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இருவருடைய மனுவும் இப்போது கல்லாப் பெட்டியின் மேல் கிடக்கின்றன. அவனுடையதில் பாதி எழுதியாயிற்று.