‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதிவிட்டால் போதுமா?

தீபாவளி, கோடை விடுமுறை என்றால் நாய் விடுதிகளில் இடம் கிடைக்காது. ஊர் போய்த் திரும்புகிறவர்களில் சிலருக்கு நொண்டுகிற நாய்தான் கையில் கிடைக்கிறது. இன்னும் சிலருக்கு, “ராத்திரி திடீர்னு போயிடுச்சு சார்” என்ற பதில். அதன்பிறகு ஆளுக்கொரு சட்டம் பேசுவார்கள்.

நம்பிக்கை: பார்த்துக்கொண்டவர் கூலிக்கு வேலை செய்தவர்தானே, சட்டம் அவரைத் தொடாது.

உண்மை: தொடும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, அந்த நேரத்தில் விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவரும் ‘உரிமையாளர்’தான். விடுதிக்காரர், வாக்கிங் கூட்டிப்போகும் பையன், குளிப்பாட்டி முடிவெட்டுகிறவர் எல்லோரும் இதில் அடக்கம். அடிப்பது, உதைப்பது மட்டுமல்ல, போதிய தீனியும் தண்ணீரும் தராமல் விடுவதும் பிரிவு 11-இன்படி குற்றம்.

நம்பிக்கை: நாயை அடித்தால் உடனே உள்ளே தள்ளிவிடுவார்கள்.

உண்மை: முதல் முறை என்றால் அபராதம் மட்டும்தான்: ரூ.10 முதல் ரூ.50 வரை! ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் பிறந்த சட்டம் இது. தொகை மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் சிறைக்கே வாய்ப்பு, அதுவும் அதிகபட்சம் 3 மாதம். வெறும் அடிக்கு, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் கைது செய்யவும் முடியாது.

ஆனால் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, முடமாக்கினாலோ கதை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 325-இன்படி 5 ஆண்டு வரை சிறை. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். பழைய தண்டனைச் சட்டம் விலங்கின் மதிப்பு 10 ரூபாயா, 50 ரூபாயா என்று பார்த்தது. இப்போது அந்தக் கணக்கு இல்லை. ஒரு சிக்கல் உண்டு: தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். பூட்டிய காரில் மறந்து விட்டுப்போன அலட்சியத்துக்கு இந்தப் பிரிவு எளிதில் பொருந்தாது.

நம்பிக்கை: ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது.

உண்மை: அலட்சியத்துக்கு வழி இங்கேதான் இருக்கிறது. ஒப்படைத்ததை, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அப்படிக் காத்தேன் என்று காட்டவேண்டியவர் விடுதிக்காரர். காசு வாங்கியிருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். படிவத்தில் அந்த ஒரு வரி இருப்பதாலேயே சேவைக் குறைபாடு இல்லாமல் போய்விடாது. சும்மா பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்மேல் நுகர்வோர் சட்டம் பாயாது. மிருகவதைச் சட்டம் பாயும்.

நம்பிக்கை: நாய் வாங்கிய விலைதான் கிடைக்கும்.

உண்மை: சிகிச்சைச் செலவும் மன உளைச்சலுக்கான இழப்பீடும் கேட்கலாம், தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயாக இருந்தாலும். நீங்கள் கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு அவகாசம். மிருகவதைச் சட்டத்தில் 3 மாதம்தான். ஆகவே, அழுகையோடு அழுகையாகப் புதைத்துவிடாதீர்கள். முதலில் அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கை வாங்குங்கள். சிசிடிவி பதிவு அழிவதற்குள் அதை எழுத்து மூலம் கேளுங்கள்.