பேரிங்குகள் ஜூலையில்தான் சாகின்றன

அன்பு மருமகளுக்கு,

எஞ்சினைச் சுற்றிச் சுற்றித் தேடியும் கிறீஸ் அடிக்கும் நிப்பிளைக் காணவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கண்ணில் பிழையில்லை பிள்ளை, அங்கே நிப்பிளே கிடையாது. சட்பரியில் நீ வாங்கி வைத்திருக்கும் பழைய ஸ்கி-டூ பனிவண்டியில் இருப்பது காற்றால் குளிரும் 503 ரோட்டாக்ஸ் எஞ்சின், டூ-ஸ்ட்ரோக். அதன் கிராங்கைத் தாங்கும் பேரிங்குகளுக்குக் கிறீஸ் போவதில்லை. பெற்றோலோடு வரும் ஒயில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. ஊரில் பழைய ஓட்டோக்களுக்கு இப்படித்தான் பெற்றோலோடு ஒயில் கலந்து அடித்தார்கள். அந்தப் புகை எப்படி மணக்கும் என்று அம்மாவைக் கேள், சொல்லுவா.

1959இல் கியூபெக்கின் வல்கூர் ஊரிலிருந்து ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே முதல் ஸ்கி-டூவை வெளியே விட்டபோது அதில் இருந்தது ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் செய்த டூ-ஸ்ட்ரோக் பிறகு வந்து சேர்ந்தது. 1970இல் அந்தத் தொழிற்சாலையையே பொம்பார்டியே கம்பனி வாங்கிவிட்டது. பனியில் புதையாமல் ஓடப் பாரம் குறைய வேண்டும், பலம் கூட வேண்டும். டூ-ஸ்ட்ரோக் நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் நடப்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். காபரேட்டரில் இருந்து வரும் கலவை நேரே சிலிண்டருக்குப் போகாது. முதலில் கிராங் கேசுக்குள் நுழையும். பிஸ்டன் இறங்கும்போது அமுக்கப்பட்டு மேலே ஏறும். போகிற வழியில் அதிலுள்ள ஒயில் கிராங் பேரிங்கின் குண்டுகளிலும், கொனெக்டிங் ரொட்டின் ஊசிப் பேரிங்கிலும் மெல்லிய படலமாகப் படியும். ஆகவே எஞ்சின் பேரிங்கைப் பராமரிப்பது என்றால் முதலாவது, சரியான ஒயில் சரியான அளவில் போகிறதா என்று பார்ப்பது. உன்னுடையதில் ஒயிலைத் தானே செலுத்தும் பம்ப் இருந்தால் அதற்கு வரும் குழாயைப் பார். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் அதை வெளியேற்றும் வரை பெற்றோல் டாங்கிலும் ஒயில் கலந்து ஓட்டு: 20 லீற்றருக்கு 400 மில்லி, அதாவது 50க்கு 1. படகு எஞ்சினுக்கு விற்கும் ஒயில் மலிவாகக் கிடைக்கும். வாங்காதே. அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. உன்னுடையது அதைவிடச் சூடாக ஓடும்.

பலர் கோட்டை விடுவது இங்கே இல்லை, கோடையில். ஓடிக்கொண்டிருக்கிற பேரிங் லேசில் கெடாது. ஏப்ரலில் பனி கரைந்ததும் மெஷினை கராஜின் மூலையில் தள்ளிவிட்டு டிசம்பரில்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். இரவில் குளிர்ந்த இரும்பில் பகலின் ஈரக்காற்று பட்டுக் கிராங் கேசுக்குள் நீர் கோக்கும். எத்தனால் கலந்த பெற்றோலும் ஈரத்தை இழுக்கும். ஒயில் படலமோ மெல்ல வடிந்து போயிருக்கும். குண்டு நிற்கிற அதே இடத்தில் துரு பிடித்துச் சிறு பள்ளம் விழும். அடுத்த ஜனவரியில் எஞ்சின் உறுமும்போது, குளிரால் வந்தது என்று நினைப்பார்கள். அந்தப் பேரிங் ஜூலையிலேயே செத்துவிட்டது.

இதற்கு மருந்து ஃபொக்கிங் ஒயில் என்ற ஸ்பிரே டின். பருவம் முடிந்த கிழமையே மெஷினை வெளியே எடு. மூடிய கராஜுக்குள் ஒருபோதும் எஞ்சினை ஓடவிடாதே, அந்தப் புகை ஆளைக் கொல்லும். பெற்றோலுக்கு ஸ்டெபிலைசர் ஊற்றி, அது காபரேட்டர் வரை போய்ச் சேரும்படி கொஞ்ச நேரம் ஓடவிடு. பிறகு காற்றுப் பெட்டியைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போதே காபரேட்டர் வாயில் ஸ்பிரேயை அடி. வெண்புகை அடர்த்தியாக வந்து எஞ்சின் திணறும்போது நிறுத்து. சிலர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையால் மட்டும் அடிப்பார்கள். அது பிஸ்டனுக்கு மேலே நின்றுவிடும், கிராங்கைச் சேராது. காபரேட்டர் வழியாகப் போனால்தான் கிராங் கேசைக் கடக்கும். அதற்குப் பிறகு பிளக் துளையாலும் கொஞ்சம் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துவிடு. கோடையில் இடைக்கிடை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பது நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதே. எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் நின்றால் எரிந்த பெற்றோலின் நீராவி உள்ளேயே தங்கும். பூசிய ஒயிலும் கழுவிப் போகும்.

கிறீஸ் கன் வாங்கிவிட்டாய், அதற்கும் வேலை இருக்கிறது. எஞ்சினிலேயே ஒரு இடம் உண்டு: குளிர்விக்கும் விசிறியின் தண்டு. அதன் பேரிங்குகளுக்குப் பெற்றோல் கலவை போகாது. அவை தம்முள் அடைத்த கிறீஸை நம்பியே சுற்றுகின்றன. பெல்ட்டைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பார். கரகரத்தாலோ ஆடினாலோ புதிது போடு. பள்ளம் விழுந்த பேரிங்குக்குக் கிறீஸ் அடிப்பது வீண். சுத்தமாகச் சுற்றி, ஆனால் வறண்டிருந்தால் மட்டும் ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடு. காற்று கொம்ப்ரஸரால் ஊதிச் சுழற்றி விளையாடாதே, சிதறிக் கண்ணில் அடிக்கும். மைனஸ் 40இலும் இறுகாத சிந்தெட்டிக் கிறீஸை உள்ளே இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இடு. நிரப்பி அடைத்தால் கிறீஸே கடைபட்டுச் சூடேறும். பழையதன் மேல் வேறு வகைக் கிறீஸைப் பூசாதே. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

மற்ற இடங்கள்: ஜாக் ஷாஃப்ட், ட்ராக்கைச் சுழற்றும் அச்சு, பின் சஸ்பென்ஷனின் கைகள். நிப்பிள் இருக்கும் இடத்தில் பழைய கிறீஸும் தண்ணீரும் வெளியே பிதுங்கும் வரை அடித்துத் துடை. ஜாக் ஷாஃப்ட்டில் மட்டும் கை அடக்கம் வேண்டும். கிளட்ச், பிரேக் தட்டு இரண்டும் அதை ஒட்டியே இருக்கும். தெறிக்கிற கிறீஸ் ஒன்றில் பெல்ட்டை வழுக்கவைக்கும், மற்றதில் பிரேக்கைக் கெடுக்கும். கிளட்சின் உள்ளே கிறீஸ் கூடவே கூடாது. மெஷினைக் கழுவும்போது பிரஷர் வாஷரை இந்த மூடிகளுக்கு நேரே பிடிக்காதே.

இவ்வளவும் செய்த பிறகும் கிராங்கில் இருந்துதான் உறுமல் வருகிறதா என்று சந்தேகம் வந்தால், நீளமான திருப்புளியின் நுனியை கிராங் கேசில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேள்; கிளட்ச் பக்கம் கையும் தலைமுடியும் போகாமல் பார்த்துக்கொள். சத்தம் உறுதியானால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்து. உடைந்த குண்டு ஒன்று மேலே ஏறினால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து போகும். இந்த கிராங் துண்டு துண்டாகப் பிரஸ்ஸில் இறுக்கிச் சேர்த்தது. பிரித்து மீண்டும் நேர்ப்படுத்துவது வீட்டு வேலை இல்லை. ஆனால் எஞ்சினை நீயே இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி நிறையக் குறையும். இறக்குவதற்கு முன் எனக்கு ஒரு போன் எடு. முன் கிளட்சைக் கழற்றும் புல்லர் என்னிடம் இருக்கிறது, கடையில் காசு கொடுத்து வாங்காதே.

அன்புடன்,
மாமா