க.நா.சு.வின் பட்டியல்களும் மொழிபெயர்ப்புகளும்

க.நா.சு. எனப்படும் க.நா. சுப்ரமண்யம் (1912–1988) பற்றிய மதிப்பீடுகளில் ஒரு குற்றச்சாட்டுத் தொடர்ந்து இடம்பெறுகிறது. சிறந்த நூல்கள் இவை, சிறந்த எழுத்தாளர்கள் இவர்கள் என்று பட்டியலிட்டாரேயன்றி, அம்முடிவுகளுக்கான காரணங்களை அவர் விளக்கவில்லை என்பதே அது. சி.சு. செல்லப்பா படைப்பை அலசிக் காட்டும் முறையை வற்புறுத்தினார், க. கைலாசபதி சமுதாய, வரலாற்று அடிப்படையைக் கோரினார். வேறு வேறு தளங்களில் நின்ற இருவருக்குமே க.நா.சு.வின் முறை உடன்பாடானதாக இல்லை. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. எனினும், அவருடைய விமரிசனத்தை மொழிபெயர்ப்புகளிலிருந்து பிரித்துப் படிக்கும் வழக்கமே அதனை மிகைப்படுத்தியுள்ளது எனலாம்.

அவர் மொழிபெயர்க்கத் தேர்ந்தெடுத்த நூல்கள் கருதத்தக்கவை. நட் ஹாம்சனின் நாவல் ‘நிலவள’மாகவும், செல்மா லாகர்லெவின் நாவல் ‘மதகுரு’வாகவும், பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ ‘அன்புவழி’யாகவும் தமிழுக்கு வந்தன. ஜார்ஜ் ஆர்வெல்லையும் அவர் மொழிபெயர்த்தார். ஆயினும் கல்லூரிகளில் பயிலப்பட்ட ஆங்கிலப் பேரிலக்கியங்களை விட்டு, ஆங்கிலத்தின் வழியாகவே நார்வேயையும் சுவீடனையும் அவர் நாடியது தற்செயலன்று. ஓரிரண்டு தலைமுறைகளுக்குள் உலகத்தரம் எய்திய சிறிய மொழிகள் அவை. தமிழ் நாவலுக்கு அவர் வைத்த அளவுகோல் அங்கிருந்து கிடைத்தது என்று கொள்ள இடமுண்டு.

‘பொய்த்தேவு’ (1946) இதற்குத் துணைநிற்கிறது. ‘நிலவளம்’ ஆளில்லாக் காட்டு நிலத்தைத் திருத்திக் குடியேறும் ஈசாக்கின் வாழ்க்கையைச் சொல்வது. ‘பொய்த்தேவு’ சாத்தனூரில் ஏழைச் சிறுவனாகத் தொடங்கிப் பெருஞ்செல்வராகி, இறுதியில் அனைத்தையும் துறந்து பண்டாரமாகும் சோமுவின் வாழ்க்கையைச் சொல்வது. ஒரு மனிதனின் முழு ஆயுளையே நாவலின் கட்டமைப்பாகக் கொள்வதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. செல்லும் திசையோ நேர்மாறானது. ஈசாக்கு மண்ணில் வேரூன்றுகிறான். சோமு தான் நாடிய தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார். வடிவத்தில் உலக நாவலோடு உறவு, அனுபவத்தில் காவிரிக்கரை: க.நா.சு. பிறரிடம் எதிர்பார்த்ததும் இதுவே. அவர் எழுதாமல் விட்ட விளக்கத்தில் ஒரு பகுதியேனும் இந்நாவலுக்குள் இருக்கிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் பட்டியல்கள் வெறும் விருப்பு வெறுப்பாகத் தோன்றுவதில்லை. ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ என்னும் நூலில் வேதநாயகம் பிள்ளை, ராஜமையர், மாதவையா ஆகியோரிடம் திரும்பிச் சென்று, தமிழுக்குத் தனி நாவல் மரபு உண்டு என நிறுவ முயன்றார். தொடர்கதைப் பெருக்கம் அம்மரபைத் துண்டித்தது என்பதே கல்கியின் மீதான அவருடைய எதிர்ப்பின் உட்பொருள். புதுமைப்பித்தனையும் மௌனியையும் அவர் ஓயாது முன்னிறுத்தியதும் இதனோடு தொடர்புடையது. பட்டியல் இங்கு வாசகருக்கான பாடத்திட்டமாகிறது, ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் நூல் தலைப்பே அவ்வாறு கேட்கிறது.

இம்முறையின் குறையும் இங்கேயே உள்ளது. அளவுகோலை அறிந்த வாசகருக்கு மட்டுமே முடிவு விளங்கும். அறியாதவர் அவருடைய சொல்லை நம்ப வேண்டும், அல்லது தள்ள வேண்டும். 1986இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது ‘இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்’ என்ற விமரிசன நூலுக்கே வழங்கப்பட்டது. விமரிசகர் என்ற பெயர் அதனால் உறுதிப்பட்டது. அவ்விமரிசனத்திற்கு அடிப்படையான மொழிபெயர்ப்பாளர் பின்னுக்குச் சென்றார்.